எச்.ஐ.வி. தொற்றிய செல்களில் டெதரினை எதிர்ப்பொருள் கொண்டு அளப்பது எப்படி

எச்.ஐ.வி. தொற்றிய செல்களின் மேற்பரப்பில் டெதரின் என்னும் புரதத்தை அளக்க முனைபவர் முதலில் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். கருவி தரும் அந்த ஒற்றை எண்ணை எதிரெதிரான இரண்டு விசைகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தொற்று நேர்ந்ததும் சுரக்கும், வைரஸை எதிர்க்கச் செல்களைத் தூண்டும் சமிக்ஞைப் புரதமான முதலாம் வகை இன்டர்ஃபெரான் டெதரினைக் கூட்டுகிறது, எச்.ஐ.வி.-1 தன் விபியு புரதத்தைக் கொண்டு அதே டெதரினைச் செல் மேற்பரப்பிலிருந்து அகற்றுகிறது. ஆகவே 'டெதரின் கூடியிருக்கிறது', 'குறைந்திருக்கிறது' என்ற முடிவுகள், எந்தச் செல்லில், எதனோடு ஒப்பிட்டு, எந்த விசையைத் தனியே பிரித்துப் பார்த்த பிறகு என்ற விளக்கம் இல்லாமல் பொருளற்றவை. இவ்விரு விசைகளையும் பிரித்தறியும் வகையில் எதிர்ப்பொருளைத் தேர்வதும், சோதிப்பதும், பயன்படுத்துவதும், கிடைத்த எண்ணைப் படிப்பதும் எவ்வாறு என்பதைக் கீழே காணலாம். ஒளிர்சாயம் ஏற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியின் அடிப்படையை அறிந்தவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது.

அளக்கப்படும் புரதம்

மனித டெதரின் 180 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதம். அதன் அமைன் முனை செல்லுக்குள் குட்டை வாலாக இருக்கிறது. அடுத்து, சவ்வை ஊடுருவும் ஒரு பகுதி. அதற்கப்பால், செல்லுக்கு வெளியே நீளும் சுருள் பகுதி. கார்பாக்சில் முனையோ ஜி.பி.ஐ. என்ற கொழுப்பு நங்கூரத்தின் மூலம் மீண்டும் சவ்வில் பதிந்திருக்கிறது. இரு முனைகளும் இவ்வாறு சவ்வில் ஊன்றியிருப்பதால்தான், மொட்டுவிட்டுப் பிரியும் வைரஸ் துகளின் உறையில் ஒரு முனையும் செல் சவ்வில் மறுமுனையுமாக நின்று, முளையில் கட்டிய கன்றைப்போல் அத்துகளை விலகிச் செல்லவிடாமல் டெதரின் பிடித்துக்கொள்கிறது. வெளிப்பகுதியில் 53, 63, 91 ஆகிய இடங்களில் உள்ள சிஸ்டீன்கள் டைசல்பைடு பிணைப்புகளால் இரண்டு மூலக்கூறுகளை இணைக்கின்றன. 65, 92 ஆகிய இடங்களில் உள்ள அஸ்பாரஜின்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறுகின்றன. எதிர்ப்பொருள் எங்கே பிடிக்கும், எதனால் மறைக்கப்படும் என்பதைப் புரிந்துகொள்ள இந்த அமைப்பு தேவை.

இப்புரதத்துக்குப் பெயர்கள் பல. 1994இல் பிளாஸ்மா செல்களின் மேற்பரப்பில் காணப்பட்ட ஆன்டிஜெனாக, எச்.எம்.1.24 என்ற பெயரில் அது அறிமுகமாயிற்று. 1995இல் எலும்பு மஜ்ஜை ஸ்ட்ரோமா செல்களிலிருந்து பி.எஸ்.டி.-2 என்று அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது; 1999இல் இரண்டும் ஒன்றே என்று உறுதியாயிற்று. சி.டி.317 என்பதும் இதுவே. விபியுவால் முறியடிக்கப்படும் தடுப்புக் காரணி இதுதான் என்பதை 2008இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டிய பிறகே டெதரின் என்ற பெயர் பரவியது. எதிர்ப்பொருள் பட்டியல்களில் தேடும்போது இந்த எல்லாப் பெயர்களையும் இட்டுத் தேட வேண்டும். ஒரே குளோன், அதாவது ஒரே செல் வழிமரபு தரும் எதிர்ப்பொருள், வெவ்வேறு பெயரில் விற்கப்படுவதும், புற்றுநோய் ஆய்வுக்கென்று உருவான எதிர்ப்பொருள் வைரஸ் ஆய்வுக்குப் பொருந்திவிடுவதும் உண்டு.

மற்றொரு செய்தியும் இங்கே முக்கியம். ஒரே மரபணுவிலிருந்து நெடுவடிவம், குறுவடிவம் என இரண்டு வடிவங்கள் உருவாகின்றன. குறுவடிவத்தில் முதல் 12 அமினோ அமிலங்கள் இல்லை. டெதரினைச் செல்லுக்குள் இழுப்பதற்கு உதவும் டைரோசின் அடையாளமும் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. ஆதலால் குறுவடிவம் விபியுவுக்கு எளிதில் பணிவதில்லை.

எதிர்ப்பொருளைத் தேர்தல்

மேற்பரப்பு அளவீட்டுக்கு வெளிப்பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளே உதவும் என்பது வெளிப்படை. ஆயினும் சந்தையில் உள்ள பல எதிர்ப்பொருள்கள் எந்தப் பகுதியைக் கொண்டு உருவாக்கப்பட்டவை என்பதைத் தகவல் தாளின் அடியில்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அமைன் முனைப் பெப்டைடால் உருவான எதிர்ப்பொருள், சவ்வில் துளையிடாத செல்லில் எதையும் காட்டாது. அதன் பிடிப்பிடம் முதல் 12 அமினோ அமிலங்களுக்குள் இருந்தால், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து எதிர்ப்பொருளால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டிலும் அது குறுவடிவத்தை அடியோடு தவறவிடும். அப்போது விபியு டெதரினை முற்றிலும் ஒழித்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் விபியுவுக்குப் பணியாத வடிவம் அப்படியே இருக்கும், அது கண்ணில் படாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

மனிதச் செல்களுக்கு ஆர்.எஸ்.38.இ என்ற எலி மோனோகுளோனல் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பரவலாகப் பயன்படுகிறது, எச்.எம்.1.24 மூல எதிர்ப்பொருளும் வழக்கில் உண்டு. முயலில் உருவாக்கப்பட்ட பாலிகுளோனல் சீரம் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு நன்றாக அமைகிறது. ஆனால் அதை மேற்பரப்புச் சாயமேற்றலில் பயன்படுத்தினால் இரண்டாம் நிலை எதிர்ப்பொருள் தேவைப்படும், பின்னணியும் கூடும். எலிச் செல்களில் பயன்படும் குளோன்கள் மனித டெதரினைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கலாகாது, ஏனெனில் இவ்விரு இனங்களின் டெதரின் வரிசைகள் பெரிதும் வேறுபட்டவை. இன்னொன்று: எலிகளில் பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரைட்டிக் செல்களின் தனி அடையாளம் என்று விற்கப்படும் சில எதிர்ப்பொருள்கள் பிடிப்பது டெதரினைத்தான். இன்டர்ஃபெரான் சுரந்த எலியில் அந்த 'தனி அடையாளம்' பற்பல செல்களில் ஏறிவிடும் என்பதை அறியாமல் கணக்கிட்டவர்கள் உண்டு.

ஒளிர்சாயத்தைப் பொறுத்தவரை, இரத்தத்திலிருந்து நேரே எடுத்த முதனிலை டி செல்களில் டெதரின் அளவு மிதமானதே; ஆகவே பி.இ. போன்ற வலுவான சாயத்தை டெதரினுக்கு ஒதுக்குவது சரியானது. தொற்றைக் காட்டும் வைரஸ் புரதமான பி24இன் அளவீட்டுக்குக் கே.சி.57 எதிர்ப்பொருள் எஃப்.ஐ.டி.சி. சாயத்தோடும், பி.இ.யை ஒத்த ஆர்.டி.1 சாயத்தோடும் கிடைக்கிறது. டெதரினுக்குப் பி.இ. என்று முடிவு செய்தால் பி24க்கு எஃப்.ஐ.டி.சி. என்றாகிவிடும். இந்த இணையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம். கருவியில் சிவப்பு லேசர் இருக்குமானால், டெதரினை அந்த லேசரில் ஒளிரும் சாயத்துக்கு மாற்றுவதே என் பரிந்துரை.

எதிர்ப்பொருளைச் சோதித்தல்

வைரஸைத் தொடுவதற்கு முன்பே எதிர்ப்பொருள் உண்மையில் டெதரினைத்தான் பிடிக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல் வழிமரபுகளில் ஹீலா செல்கள் டெதரினை இயல்பாகவே தாங்கியிருக்கின்றன; 293டி செல்களில், இன்டர்ஃபெரான் படாத நிலையில், கண்டறியத்தக்க அளவு இல்லை. இவ்விரண்டையும் அருகருகே சாயமேற்றினால் முதல் விடை கிடைத்துவிடும். ஹீலா செல்களைத் தட்டிலிருந்து பெயர்க்க டிரிப்சினைத் தவிர்த்து ஈ.டி.டி.ஏ. கரைசலைப் பயன்படுத்துவது நல்லது. புரதத்தை வெட்டும் நொதியால் மேற்பரப்பைக் கழுவிவிட்டு, அதே மேற்பரப்பின் புரதத்தை அளப்பதில் பொருளில்லை.

இந்த ஒப்பீடு மட்டும் போதாது. ஹீலாவுக்கும் 293டிக்கும் இடையே டெதரினைத் தவிர ஆயிரம் வேறுபாடுகள் இருக்கின்றன. ஆகவே 293டி செல்லில் டெதரின் பிளாஸ்மிடைச் செலுத்திச் சமிக்ஞை தோன்றுகிறதா என்றும், ஹீலாவில் அல்லது நீங்கள் பயன்படுத்தவிருக்கும் டி செல் வழிமரபில் கிரிஸ்பர் முறையால் டெதரின் மரபணுவை நீக்கிச் சமிக்ஞை மறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். மரபணு நீக்கிய செல்லின் ஒளிர்வு, ஐசோடைப் எதிர்ப்பொருள் (அதே வகையைச் சேர்ந்த, ஆனால் டெதரினைப் பிடிக்காத எதிர்ப்பொருள்) தரும் ஒளிர்வோடு ஏறக்குறைய ஒன்றிப்போக வேண்டும். ஒன்றாவிட்டால், எஞ்சியிருக்கும் அந்த இடைவெளி டெதரின் அல்லாத வேறொன்றின் சமிக்ஞை. அதன் அளவைக் குறித்துவைத்துக்கொண்டு, இனிமேல் எல்லாக் கணக்கிலும் அதையே பின்னணியாகக் கொள்ள வேண்டும். என் கருத்தில், ஐசோடைப் எதிர்ப்பொருளைக் காட்டிலும் மரபணு நீக்கிய செல்லே பல மடங்கு நேர்மையான பின்னணி.

அடுத்தது இன்டர்ஃபெரான் சோதனை. ஜர்காட் என்ற டி செல் வழிமரபில் அல்லது முதனிலை டி செல்களில் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவை மில்லிலிட்டருக்கு 1000 அலகு என்ற அளவில் இட்டு 24 மணி நேரம் வைத்தால் டெதரின் ஒளிர்வு தெளிவாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் எதிர்ப்பொருளையோ, இன்டர்ஃபெரானையோ, செல்களையோ ஐயுற வேண்டும். இதே மாதிரியைப் பின்னர் ஒவ்வொரு நாள் சோதனையிலும் நேர்மறைக் கட்டுப்பாடாக, அதாவது விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரியாக, சேர்த்துக்கொள்வது நல்லது.

பிறகு எதிர்ப்பொருளின் சரியான அளவைக் காண வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் அளவு தொடக்கப் புள்ளிதான். செல் எண்ணிக்கையையும் கரைசலின் மொத்தக் கொள்ளளவையும் மாற்றாமல், எதிர்ப்பொருளை மட்டும் பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே ஆறேழு குழாய்களில் சாயமேற்றி, ஒவ்வொன்றிலும் சாயமேற்றக் குறியீட்டைக் கணக்கிட வேண்டும். நேர்மறைச் செல்களின் இடைநிலை ஒளிர்விலிருந்து எதிர்மறைச் செல்களின் இடைநிலை ஒளிர்வைக் கழித்து, எதிர்மறைச் செல்களின் திட்டவிலக்கத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் அக்குறியீடு கிடைக்கும். முழு அளவில் நேர்மறை 12,000, எதிர்மறை 300, திட்டவிலக்கம் 150 என்று வைத்துக்கொண்டால் குறியீடு 39. பாதி அளவில் இவை முறையே 11,000, 200, 90 என்றானால் குறியீடு 60 ஆகிறது. கால் அளவில் 6,000, 180, 85 என்றானால் 34க்கு இறங்கிவிடுகிறது. ஒளிர்வு மிகுந்த குழாய் முதலாவதாக இருந்தாலும், தேர்ந்தெடுக்க வேண்டியது இரண்டாவதைத்தான். எதிர்ப்பொருள் மிகும்போது பின்னணியும் சேர்ந்து ஏறுவதால், விபியு உண்டாக்கும் குறைவு அந்தப் பின்னணிக்குள் அமிழ்ந்துபோகும்.

தொற்றும் கட்டுப்பாடுகளும்

எச்.ஐ.வி. வளர்ப்பு உரிய உயிரிப்பாதுகாப்பு நிலை கொண்ட ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர்களால் மட்டுமே செய்யப்பட வேண்டியது. செல்களை நிலைப்படுத்திய பிறகே அவற்றைக் கருவிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நிலைப்படுத்தும் காலத்தையும் செறிவையும் நிறுவனத்தின் உயிரிப்பாதுகாப்புக் குழு ஏற்றபடி கடைப்பிடிக்க வேண்டும்.

வைரஸ் கையிருப்பு எங்கே தயாரிக்கப்பட்டது என்பதே முதற்கேள்வி. தூண்டப்பட்ட இரத்தச் செல்களில் வளர்த்த வைரஸின் மேல்நீரில் இன்டர்ஃபெரானும் பிற சைட்டோகைன்களும் கலந்திருக்கும். அந்த நீரை அப்படியே இட்டால், தொற்று ஏற்படும் முன்பே டெதரின் ஏறத் தொடங்கிவிடும். 293டி செல்களில் தயாரித்து, சுக்ரோஸ் கரைசலின் ஊடாக அதிவேகச் சுழற்சியில் படியவைத்த வைரஸைப் பயன்படுத்துவது இச்சிக்கலைப் பெரிதும் தீர்க்கும். வைரஸ் இடாத ஒப்பீட்டுக் குழாயிலும் வெறும் ஊடகத்தை ஊற்றாமல், வைரஸ் பிளாஸ்மிட் செலுத்தாத 293டி செல்களின் மேல்நீரை அதே முறையில் தயாரித்து ஊற்ற வேண்டும்.

கட்டுப்பாடுகளில் தவிர்க்கவே முடியாதது விபியு நீக்கிய வைரஸ். அதே முதுகெலும்பில், அதாவது மற்ற மரபணுக்கள் மாறாத அதே வைரஸில், எடுத்துக்காட்டாக என்.எல்.4-3 குளோனில், விபியு மட்டும் செயலற்றதாக இருக்கும் இணை வைரஸ் இல்லாமல், 'விபியு டெதரினைக் குறைத்தது' என்று எழுத எந்த உரிமையும் இல்லை. வசதியிருந்தால் மேலும் இரண்டைச் சேர்க்கலாம். 52, 56 ஆகிய இடங்களில் உள்ள செரின்களை மாற்றிய விபியு, பீட்டா-டி.ஆர்.சி.பி. என்ற செல் புரதத்தோடு சேர முடியாததால், டெதரினைக் கீழிறக்கும் திறனைச் செல் வகைக்கேற்ப ஓரளவோ பெருமளவோ இழக்கிறது. சவ்வூடு பகுதியில் 14, 18 ஆகிய இடங்களில் உள்ள அலனின்களை மாற்றிய விபியுவோ டெதரினோடு பிணையும் திறனை இழந்தாலும் சி.டி.4 மூலக்கூறை அழிக்கும் வேலையைத் தொடர்ந்து செய்கிறது. இந்த இரண்டாவது மாற்றம் மிகவும் பயனுள்ளது. விபியு மற்ற புரதங்களில் செய்யும் வேலைகளிலிருந்து டெதரின் வேலையை மட்டும் அதனால் பிரித்தெடுக்க முடிகிறது.

எச்.ஐ.வி.-2 தொற்றை ஆராய்பவருக்கு விபியு கட்டுப்பாடு பொருந்தாது. அவ்வைரஸில் விபியுவே கிடையாது. உறைப் புரதமே அந்த வேலையை மேற்கொள்கிறது. பல குரங்கு வைரஸ்கள் நெஃப் புரதத்தைக் கொண்டு டெதரினை எதிர்க்கின்றன. ஆனால் மனித டெதரினின் வாலில் நெஃப் பிடிக்கும் ஐந்து அமினோ அமிலங்கள் விடுபட்டிருப்பதால் அந்த உத்தி மனிதச் செல்லில் பொதுவாகப் பலிப்பதில்லை.

இன்டர்ஃபெரான் விசையைத் தனியே பிரிக்க, இணையான ஒரு குழாயில் இன்டர்ஃபெரான் ஏற்பியைத் தடுக்கும் எதிர்ப்பொருளையோ ரக்சோலிடினிப் போன்ற ஜாக் தடுப்பானையோ சேர்க்க வேண்டும். அதில் பக்கத்துத் தொற்றாத செல்களின் டெதரின் இறங்கினால், முன்பு கண்ட உயர்வு இன்டர்ஃபெரானின் வேலை என்று தெளிவாகும். இறுதியாக, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் தடுப்பான் ஒன்றை, எஃபாவிரென்ஸ் போன்றதை, இட்ட குழாயும் வேண்டும். அதில் தெரியும் பி24 சமிக்ஞை உண்மைத் தொற்றன்று; வெளியிலிருந்து வந்து ஒட்டிய, அல்லது செல் விழுங்கிய வைரஸ் துகள்களின் சமிக்ஞை.

சாயமேற்றும் வரிசை

தொற்றி 48 மணி நேரம் கழித்து அளப்பது பொதுவாகப் பொருந்தும். ஒரு குழாய்க்கு இரண்டு முதல் ஐந்து லட்சம் செல்களை எடுத்து, குளிர்ந்த பி.பி.எஸ். கரைசலில் கழுவ வேண்டும். இறந்த செல்களைக் காட்டும், அமைனோடு பிணையும் சாயத்தை இந்தக் கட்டத்திலேயே, அதாவது சீரம் சேர்க்கும் முன்னரே, இட வேண்டும். சீரப் புரதம் அச்சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். நிலைப்படுத்திய பிறகும் இந்தச் சாயம் நிற்கும் என்பதால்தான் இது தேர்ந்தெடுக்கப்படுகிறது. புரோபிடியம் அயோடைடு இதற்கு உதவாது.

பின்னர் 2 விழுக்காடு சீரம் கலந்த பி.பி.எஸ்.-இல் கழுவி, எதிர்ப்பொருளின் வால் பகுதியைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பிகளை அடைக்க மனித ஐஜிஜியை இட்டுப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். டி செல் வழிமரபுகளில் இந்தப் படியைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். மோனோசைட்டுகளும் மேக்ரோஃபேஜ்களும் இருக்கும் மாதிரியில் இதை விட்டால் கிடைப்பது டெதரின் அளவாக இராது, எஃப்சி ஏற்பியின் அளவாகவே இருக்கும். அடுத்து, முன்னரே கண்டறிந்த அளவில் டெதரின் எதிர்ப்பொருளையும் சி.டி.3, சி.டி.4 போன்ற மேற்பரப்பு எதிர்ப்பொருள்களையும் சேர்த்து, இருளில், 4 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைக்க வேண்டும். இங்கே குளிர் கட்டாயம். டெதரின் தானாகவே கிளாத்ரின் வழியாக உள்ளிழுக்கப்பட்டுச் சுழலும் புரதம். அறை வெப்பத்தில் சாயமேற்றினால், பிணைந்த எதிர்ப்பொருள் செல்லுக்குள் போய்ச் சேர்ந்து, மேற்பரப்பையும் உட்பகுதியையும் கலந்த எண்ணைத் தரும்.

இருமுறை கழுவிய பிறகு பாராஃபார்மால்டிஹைடால் நிலைப்படுத்த வேண்டும். மேற்பரப்புச் சாயமேற்றல் நிலைப்படுத்தலுக்கு முன் நடக்க வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: நிலைப்படுத்தல் பிடிப்பிடத்தின் வடிவத்தைக் குலைக்கக்கூடும், அதைவிட முக்கியமாக, சாபோனின் துளையிட்ட செல்லில் எதிர்ப்பொருள் உட்புகுந்து, கோல்ஜி வலைப்பகுதியில் விபியு சிறைப்படுத்திவைத்திருக்கும் டெதரினையும் எண்ணிவிடும். விபியு டெதரினை முழுதும் அழிப்பதைவிட, புதிதாக உருவாகும் டெதரின் மேற்பரப்புக்குப் போய்ச் சேராமல் தடுப்பதும், உள்ளேயே நிறுத்திப் பின்னர் லைசோசோமுக்கு அனுப்புவதுமே மிகுதி. ஆகவே மொத்த அளவும் மேற்பரப்பு அளவும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நிலைப்படுத்திக் கழுவியபின், சாபோனின் கரைசலில் கே.சி.57 எதிர்ப்பொருளை இட்டு 30 நிமிடம் வைத்து, சாபோனின் கரைசலிலேயே கழுவ வேண்டும். சாபோனின் ஏற்படுத்தும் துளைகள் அது நீங்கியதும் மூடிக்கொள்வதால், வெறும் பி.பி.எஸ்.-இல் கழுவினால் பிணையாத எதிர்ப்பொருள் உள்ளேயே தங்கிவிடும். பிணைச்சாயங்கள், குறிப்பாகப் பி.இ.-சி.ஒய்.7 போன்றவை, நிலைப்படுத்தும் கரைசலில் நெடுநேரம் இருந்தால் சிதைந்து வேறு ஒளியைக் கசியவிடும். ஆகவே அன்றே அளந்துவிடுவது நல்லது.

எண்ணைப் படித்தல்

ஒற்றைச் செல்கள், உயிருள்ள செல்கள் என்று வடிகட்டிய பிறகு, கிடைமட்ட அச்சில் பி24ஐயும் செங்குத்து அச்சில் டெதரினையும் இட்டு இருபரிமாண வரைபடத்தைப் பார்க்க வேண்டும். சாதாரண வைரஸ் தொற்றிய குழாயில், இடப்புறம் தொற்றாத செல்களின் திரள் உயரத்தில் நிற்கும். வலப்புறம் போகப் போக, பி24 கூடக் கூட, திரள் கீழ்நோக்கி வளையும். இந்த வளைவுதான் விபியுவின் கையெழுத்து. தொற்றின் தொடக்கத்தில், பி24 குறைவாக இருக்கும் செல்களில், டெதரின் இன்னும் இறங்கியிருக்காது; ஆகவே எல்லாப் பி24 நேர்மறைச் செல்களையும் ஒரே கேட்டில் (வரைபடத்தில் செல்களைத் தேர்ந்தெடுக்கும் எல்லைக்குள்) அடைத்துச் சராசரி எடுத்தால் விளைவு மங்கித் தெரியும். சி.டி.4 இறங்கிய பி24 நேர்மறைச் செல்களை மட்டும் எடுப்பது இதற்கு ஒரு நல்ல தீர்வு. அதன் மூலம் வெளியிலிருந்து ஒட்டிய துகளால் பொய்யாக நேர்மறையானவையும் பெரும்பாலும் நீங்கிவிடும்.

விபியு நீக்கிய வைரஸின் குழாயில் திரள் வளையாமல் நேராகவே செல்ல வேண்டும். சில சமயம் அது மேல்நோக்கி ஏறும். முன்பு குறிப்பிட்ட ஆபத்து இங்கேதான் வருகிறது. விபியு இல்லாதபோது துகள்கள் வெளியேறாமல் செல்லிலேயே தங்குவதால், அச்செல்களின் பி24 ஒளிர்வு, சாதாரண வைரஸ் தொற்றிய செல்களின் ஒளிர்வைவிட மிகுதியாகும். எஃப்.ஐ.டி.சி. சாயத்தின் ஒளி பி.இ. கண்டறிவானுக்குள் கசியும் இயல்புடையது. இக்கசிவைக் கழிக்கும் காம்பென்சேஷன் என்ற திருத்தம் சற்றே குறைவாக அமைந்திருந்தாலும், பி24 மிகுந்த செல்களில் அக்கசிவு டெதரின் உயர்வாகத் தோற்றமளிக்கும்; சற்றே மிகையாக இருந்தால், டெதரின் இறக்கம் பொய்யாகத் தோன்றும். அதாவது, எந்த ஒப்பீட்டுக்காக இச்சோதனையே நடத்தப்படுகிறதோ, அந்த ஒப்பீட்டின் இரு பக்கங்களிலும் கசிவு சமமாக இருப்பதில்லை. இதற்கு மருந்து, டெதரின் எதிர்ப்பொருளை மட்டும் விலக்கி மற்ற எல்லாவற்றையும் சேர்த்த குழாயைத் தொற்றாத செல்லில் வைப்பதோடு நில்லாமல், சாதாரண வைரஸுக்கும் விபியு நீக்கிய வைரஸுக்கும் தனித்தனியே வைப்பதுதான். அந்தக் குழாய்களிலும் திரள் வளைந்தால், வளைவது டெதரின் அல்ல என்று தெரிந்துவிடும். வெவ்வேறு லேசர்களில் ஒளிரும் சாயங்களை முன்பு பரிந்துரைத்ததன் காரணமும் இதுவே.

மேல்நோக்கிய ஏற்றத்துக்கு உண்மையான காரணமும் இருக்கலாம். கட்டுண்ட துகள்களின் உறையிலும் டெதரின் பதிந்திருக்கிறது. அத்துகள்கள் செல்லின் மேற்பரப்பிலேயே குவிந்திருப்பதால் அவற்றிலுள்ள டெதரினும் எண்ணிக்கையில் சேரக்கூடும். இதை ஃப்ளோ சைட்டோமெட்ரியால் மட்டும் பிரித்தறிய இயலாது. நுண்ணோக்கியில் டெதரின் சமிக்ஞையும் வைரஸ் துகளைக் கட்டும் கேக் புரதத்தின் சமிக்ஞையும் புள்ளிகளாக ஒன்றிக் கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஒளிர்வைச் சராசரியாகக் கொடுக்காமல் இடைநிலை மதிப்பாகக் கொடுப்பதே முறை. சிதறிய சில செல்கள் சராசரியை எளிதில் இழுத்துவிடும். அதே குழாயில் உள்ள பி24 எதிர்மறைச் செல்களோடு ஒப்பிட்டு விகிதமாகத் தருவது வழக்கம்; குழாய்க்குக் குழாய் வேறுபடும் சாயமேற்றத்தை அது சமன்செய்கிறது என்பது அதன் நன்மை. ஆனால் அந்தப் பி24 எதிர்மறைச் செல்கள் தொற்றிய குழாயில் இன்டர்ஃபெரானுக்கு ஆட்பட்டவை. அவற்றின் டெதரின் ஏறினால், தொற்றிய செல்லில் எதுவுமே மாறாவிட்டாலும் விகிதம் இறங்கும். ஆகவே தொற்றிய செல், அதே குழாயின் தொற்றாத செல், வைரஸே இடாத குழாயின் செல் என மூன்று எண்களையும் சேர்த்தே தர வேண்டும். விகிதத்தை மட்டும் அச்சிடும் வரைபடங்களை நான் நம்புவதில்லை.

மேற்பரப்பு டெதரின் குறைந்தால் துகள் வெளியேற்றம் கூடும் என்ற கணக்கும் எப்போதும் நேர்விகிதத்தில் அமைவதில்லை. சில டி செல் வழிமரபுகளில் மேற்பரப்பு அளவு தெளிவாகக் குறையாமலேயே விபியு வெளியேற்றத்தைக் கூட்டியதாக 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. எனவே அதே செல்களின் மேல்நீரிலும் செல்கரைசலிலும் பி24 அளவை எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனையால் கண்டு, மொத்தத்தில் எத்தனை விழுக்காடு வெளியேறியது என்பதையும் இணைத்துக் காட்ட வேண்டும்.

வெஸ்டர்ன் பிளாட்டைப் பற்றிச் சுருக்கமாக: டெதரின் ஒரே பட்டையாக ஓடுவதில்லை, சர்க்கரைச் சங்கிலிகளின் வேறுபாட்டால் ஏறக்குறைய 28 முதல் 36 கிலோடால்டன் வரை இழுபட்ட பூச்சாகத் தெரியும். பி.என்.ஜி.எஃப். நொதியால் சர்க்கரைகளை நீக்கினால் பூச்சு சுருங்கிக் கீழிறங்க வேண்டும். இறங்காத பட்டையை ஐயத்தோடு பார்க்க வேண்டும். டைசல்பைடை உடைக்காத கரைசலில் ஓடவிட்டால் இரட்டை மூலக்கூறு தெரியும். நெடுவடிவத்தையும் குறுவடிவத்தையும் பிரித்துக் காணவும் சர்க்கரை நீக்கம் தேவைப்படும்.

நோயாளிகளின் இரத்த மாதிரிகள்

வளர்ப்புச் செல்லில் கற்ற பாடத்தை இரத்த மாதிரிக்கு அப்படியே கொண்டுசெல்வதுதான் இத்துறையில் அடிக்கடி நேரும் தடுமாற்றம். எச்.ஐ.வி. தொற்றியவரின் இரத்தத்தில், எந்த ஒரு நேரத்திலும் வைரஸை உற்பத்தி செய்துகொண்டிருக்கும் செல்கள் மிகச் சிலவே. ஆகவே இரத்த ஒற்றை உட்கருச் செல்களில் டெதரினை அளந்தால் கிடைப்பது விபியுவைப் பற்றிய செய்தியாக இராது. கிட்டத்தட்ட முழுவதும் தொற்றாத செல்கள் இன்டர்ஃபெரானுக்குக் காட்டிய பதிலாகவே இருக்கும். தொற்றின் தொடக்கக் கட்டத்தில் இரத்தச் செல்களில் டெதரின் உயர்ந்திருப்பதும், கூட்டு மருந்துச் சிகிச்சையில் அது இறங்குவதும் இதற்குப் பொருந்துகின்றன. நோயாளிகளில் டெதரின் கூடுகிறது என்பதும், வளர்ப்புச் செல்லில் டெதரின் குறைகிறது என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் முடிவுகள் அல்ல; அவை வெவ்வேறு செல்களைப் பற்றியவை.

இம்மாதிரிகளில் செல் வகையைப் பிரிக்காமல் ஒரே எண் தருவது கூடாது. பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரைட்டிக் செல்களிலும் பிளாஸ்மா செல்களிலும் டெதரின் இயல்பாகவே மிகுதி; மோனோசைட்டுகளிலும் கணிசமாக உண்டு. இருவரின் இரத்தத்தில் இவற்றின் விகிதம் வேறுபட்டாலே மொத்த எண் மாறிவிடும். சி.டி.4, சி.டி.8, சி.டி.14, சி.டி.19 என்று பிரித்து ஒவ்வொன்றிலும் தனியே அளக்க வேண்டும், சி.டி.38, எச்.எல்.ஏ.-டி.ஆர். ஆகியவற்றைச் சேர்த்தால் செல் கிளர்ச்சியின் பங்கையும் காணலாம். இரத்தம் எடுத்ததிலிருந்து செல்களைப் பிரிக்கும் வரையிலான நேரம், உறைவு தடுக்கும் பொருள், உறையவைத்து உருக்கியதா என்பன எல்லாம் எல்லா மாதிரிகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவரின் வெவ்வேறு காலத்து மாதிரிகளை ஒரே நாளில் உருக்கி ஒரே தொகுதி எதிர்ப்பொருளால் சாயமேற்றுவது, மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்துச் செய்வதைவிடப் பன்மடங்கு மேல்.

வெவ்வேறு நாள்களின் எண்களை ஒப்பிட்டே ஆக வேண்டுமானால், அறிந்த எண்ணிக்கையில் பி.இ. மூலக்கூறுகள் ஏறிய அளவுமணிகளை ஒவ்வொரு நாளும் கருவியில் ஓட்டி, ஒளிர்வை ஒரு செல்லில் பிணைந்த எதிர்ப்பொருள்களின் எண்ணிக்கையாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஓர் எதிர்ப்பொருளுக்கு ஒரு சாய மூலக்கூறு என்ற விகிதத்தில் தயாரிக்கப்பட்ட எதிர்ப்பொருள் வேண்டும். அவ்வெண்ணையும் டெதரின் மூலக்கூறுகளின் எண்ணிக்கை என்று எழுதிவிடலாகாது. டெதரின் இரட்டையாக நிற்பதாலும், எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள் இருப்பதாலும், ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு இங்கே செல்லாது.

முடிவை எழுதும்போது எதிர்ப்பொருளின் குளோன் பெயர், சாயம், தொகுதி எண், இறுதிச் செறிவு, மேற்பரப்புச் சாயமேற்றல் நிலைப்படுத்தலுக்கு முன்னா பின்னா, சாயமேற்றிய வெப்பநிலை, பி24 கேட் எந்தக் குழாயைக் கொண்டு இடப்பட்டது, பின்னணியாகக் கழிக்கப்பட்டது ஐசோடைப்பா மரபணு நீக்கிய செல்லா, செல்களின் டெதரின் நெடுவடிவமா குறுவடிவமா அல்லது இரண்டுமா என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். டெதரின் எதிர்ப்பொருளை விலக்கிய குழாய்களின் வரைபடங்களையும், சாதாரண வைரஸ், விபியு நீக்கிய வைரஸ் இரண்டுக்கும், முதன்மைப் படத்தின் பக்கத்திலேயே அதே அச்சளவில் அச்சிட வேண்டும்.